தரையின்கீழ் மறையும் நீர்: ஊவா மலைநாட்டை நிலைக்களனாகக் கொண்ட ஒரு வரலாற்று நோக்கு

பதுளை நகருக்குத் தெற்கே, 2,036 மீற்றர் உயர்ந்து நிற்கும் நமுனுகுல மலைத்தொடரின் சரிவிலே ஸ்பிரிங்வெளி என்னும் தேயிலைத் தோட்டப் பகுதி அமைந்துள்ளது. பெயர் ஆங்கிலத் துரைமார் இட்டது. வாயில் வழங்கும் உருவமோ தமிழர் ஆக்கியது. அப்பெயரின் முதற்சொல் ஆங்கிலத்திலே வசந்த காலத்தையும் குறிக்கும், நீரூற்றையும் குறிக்கும். எப்பொருளைக் கருதி இட்டனரோ, மலையின் இடுக்குகளிலிருந்து ஆண்டு முழுவதும் கசியும் நீரைக் கண்டவர் ஊற்று என்னும் பொருளையே கொள்வர். இவ்வூற்றுகளை அடுத்தே தொழிற்சாலைகளும் துரைமார் பங்களாக்களும் தொழிலாளர் லயங்களும் எழுந்தன.

ஊவாவின் பெருந்தோட்ட வரலாறு கோப்பியிலே தொடங்கியது. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலே முதன்முதற் கண்டறியப்பட்ட இலைநோய் இலங்கையின் கோப்பிப் பயிரைச் சில ஆண்டுகளில் அழித்தொழித்தது. அதன் இடத்தைத் தேயிலை கைக்கொண்டது. கோப்பிக்கு வேலையாட்கள் பருவந்தோறும் தமிழகத்திலிருந்து வந்து மீண்டனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டியிருந்தமையால் லயங்கள் நிலையான குடியிருப்புகளாயின. நிலையான குடியிருப்புக்கு நிலையான நீர் வேண்டும். ஊற்றிலிருந்து மூங்கிற் பிளவினாலோ இரும்புக் குழாயினாலோ கொண்டுவரப்பட்ட நீர், லயத்தின் அருகே ஓரிடத்தில் இடையறாது விழுந்து ஓடிற்று. அவ்விடத்தை மலையகத்தார் பீலி என்பர். குடிநீர் எடுப்பதும் குளிப்பதும் துணி துவைப்பதும், தோட்டத்துச் செய்தி முழுவதும் கைமாறுவதும் பீலியடியிலேதான்.

பீலியின் இயல்பு ஒன்று இங்குக் கருதத்தக்கது. அங்கே ஒழுக்கு மறைந்திருக்க இயலாது. குழாய் வெடித்தால் நீர் தேயிலை மலையினூடே வெளிப்படையாகப் பாயும். பீலியிலே நீர் மெலியும். குடத்துடன் நிற்கும் பெண்கள் முதலில் அறிவர். காம்பராவின் தரையோ பெரும்பாலும் சாணமிட்டு மெழுகிய மண்தரை. அதன்கீழ்க் குழாய் எதுவும் இல்லை. பிற்காலத்திலே சீமெந்துத் தரையும், சமையலறைக்குள் நீர்க்குழாயும், வீட்டோடு இணைந்த மலகூடமும் வந்தன. லயங்களுக்கு மாற்றாக ஏழு பேர்ச் நிலத்திலும் பின்னர்ப் பத்துப் பேர்ச் நிலத்திலும் தனி வீடுகள் எழுந்தன. நூறாண்டுக்கு மேலாக வேண்டிநின்ற வசதி அது; ஐயமில்லை. ஆயின் அவ்வசதியோடு ஒரு புதிய இடரும் வீட்டினுள் நுழைந்தது. குழாய் சீமெந்தின்கீழ் மறைந்தது. ஆதலின் அதன் பழுதும் மறைந்தது.

குழாயை நிலத்தின்கீழ்ப் புதைக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. தமிழகத்துக் கீழடி அகழ்வாய்விலே ஒன்றோடொன்று பொருந்திய சுடுமண் குழாய்கள் வெளிப்பட்டன. கி.பி. 5ஆம் நூற்றாண்டின் இறுதியிலே காசியப்பன் சிகிரியாவில் அமைத்த நீர்ப்பூங்காவின் ஊற்றுகள், நிலத்தடிக் கால்வாய்கள் ஊட்டிய நீரின் அமுக்கத்தால் இயங்கின. மழைக்காலத்தில் அவை இன்றும் பொங்குதலைக் காணலாம். அந்நாளிற் குழாய்களின் கசிவைக் கண்டறிந்தோர் யார், யாது செய்தனர் என்று சொல்லும் கல்வெட்டு இல்லை. கட்டியவன் பெயர் கல்லிலே நிற்கும். ஒழுக்கு அடைத்தவன் பெயரை யார் எழுதுவர்?

இதற்கு விலக்காக உரோமாபுரியிலே ஒருவர் தம் பணியைத் தாமே எழுதிவைத்தார். கி.பி. 97ஆம் ஆண்டிலே நேர்வா மன்னன் புரொன்றினசு என்பவரை நகரின் நீர்வழங்கலுக்குத் தலைவராக்கினான். அவர் முதலில் ஏடுகளைப் பார்த்தார். பின்னர்க் கால்வாய்களின் தலைப்பிற் சென்று அளந்தார். ஏட்டிற் குறித்த அளவினும் மிகுதியான நீர் ஊற்றுகளிலிருந்து புறப்படுவதைக் கண்டார். அம்மிகுதி எங்கே போயிற்று? நகரின் கல்பாவிய தெருக்களின்கீழே கள்ளக் குழாய்கள் ஓடின என்றும், நீர்ப்பணியாளர் சிலரே பொதுக் குழாய்களைத் துளைத்துக் கடைகளுக்கு நீர் விற்றனர் என்றும், அக்குழாய்களைத் தோண்டியெடுத்தபோது பெருந்தொகையான ஈயம் கிடைத்தது என்றும் அவர் எழுதுகின்றார். அவரது அளவையிலே ஒரு குறை உண்டு. குழாயின் வாய்ப்பரப்பை அளந்தாரேயன்றி நீரின் வேகத்தைக் கணக்கிலே முறையாகச் சேர்த்திலர். ஆதலின் அவர் தந்த எண்களை இன்றைய அளவுக்கு மாற்றுவதில் அறிஞர் இடர்ப்படுவர். எனினும் புறப்பட்டதையும் சென்றடைந்ததையும் ஒப்புநோக்கி இடையில் மறைந்ததை அறியும் நெறி அவருடையதே. பிற்காலத்தார் அதற்குக் கருவிகளைச் சேர்த்தனர்.

அக்கருவிகளுள் முதன்மையானது இங்கிலாந்தின் இலிவர்ப்பூல் நகரிலே பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நகரின் மக்கட்டொகை பெருகியது, நீர் போதவில்லை. நாளிற் சில மணி நேரமே நீர் விடும் முறை வந்தது. இம்முறை பெருந்தீங்கு உடையது. குழாயில் அமுக்கம் உள்ளபோது ஓட்டைவழியே நீர் வெளியே செல்லும். அமுக்கம் நின்றதும் அதே ஓட்டைவழியே சுற்றுமண்ணின் அழுக்குநீர் உள்ளே புகும். ஒழுக்கு என்பது நீரிழப்பு மட்டுமன்று, நோய் புகும் வாயிலும் ஆகும் என்பதை நம்மூர்களிலும் பலர் இன்னும் உணர்ந்திலர்.

1871இல் அந்நகரின் பொறியியலாளராகப் பதவியேற்ற யோர்ச்சு பிரெதெரிக்கு தீக்கன் என்பார், புதிய நீர்த்தேக்கத்தைத் தேடுமுன் உள்ள நீர் எங்கே போகின்றது என்று தேடினார். 1873இல் அவர் அமைத்த கருவி எளிமையானது. மேலே குறுகிக் கீழே விரிந்த கூம்புக் குழலினுள் ஒரு வட்டத்தகடு கம்பியினால் தொங்கும். மறுமுனையிலே ஓர் எதிர்ப்பாரம். நீர் ஓடாதபோது தகடு மேலே நிற்கும். ஓட்டம் மிகுந்தோறும் கீழ்நோக்கித் தள்ளப்படும். கம்பியோடு இணைந்த பென்சில், மணிக்கூட்டு இயந்திரத்தாற் சுழலும் உருளையிற் சுற்றிய தாளிலே அவ்வசைவை வரையும். ஒரு பகுதியின் நீர்ப்பாவனை முழுவதும் மணிதோறும் கோடாக எழுந்துவிடும்.

பகலிலே அக்கோடு ஏறியும் இறங்கியும் நடுங்கும். மாந்தர் குழாயைத் திறப்பதும் மூடுவதுமே காரணம். நள்ளிரவு கழிந்து ஊர் உறங்கியபின் கோடு சமனாகின்றது. ஆயின் சுழியத்துக்கு இறங்குவதில்லை. யாரும் பயன்படுத்தாத வேளையிலும் ஒரே அளவாக ஓடும் நீர் ஒழுக்கேயன்றி வேறன்று. அதன்பின் கண்காணிப்போர் தெருத்தெருவாகச் சென்று வால்வுகளை ஒவ்வொன்றாக மூடுவர். எந்த வால்வை மூடியதும் கோடு படியிறங்குகின்றதோ அந்தக் கிளையிலே ஒழுக்கு உண்டு. படியின் உயரம் ஒழுக்கின் அளவு. பொழுது விடியுமுன் எந்தத் தெருவில், எந்த வீட்டில், எவ்வளவு என்பது தாளிலே இருந்தது. எஞ்சியது செவியின் வேலை. வால்வைத் திருப்பும் இரும்புக் கோலின் ஒரு முனையைக் குழாயின்மேல் வைத்து மறுமுனையைக் காதோடு பொருத்தினால், நிலத்தின்கீழ் ஒழுகும் நீரின் இரைச்சல் கேட்கும். இம்முறையால், புதிய நீர்நிலை எதுவும் சேராமலே, நாள் முழுவதும் நீர் வழங்குதல் அந்நகருக்கு மீண்டது. தீக்கன் பின்னர் வேல்சு நாட்டின் விர்ணுவி அணையைக் கட்டுவதில் ஈடுபட்டார். அவர் புகழை அணையோடு சேர்த்துப் பேசுவோரே மிகுதி. அந்தப் பென்சிற் கோடு அணையினும் குறைந்த ஆக்கமன்று.

இலங்கையிலே கொழும்பு நகருக்கு லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து 1886ஆம் ஆண்டளவிற் குழாய்நீர் வந்தது. 1975இல் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை அமைந்தது. பழைய வார்ப்பிரும்புக் குழாய்கள் நெடுங்காலம் மண்ணிற் கிடந்தமையால், 2010ஆம் ஆண்டை அடுத்த காலத்திலே கொழும்பு மாநகருக்கு விடப்பட்ட நீரிற் பாதிக்கு அண்மையான பங்கு வருவாய் தராமலே கழிந்தது. புரொன்றினசு கண்ட கள்ள இணைப்பும், தீக்கன் கண்ட ஒழுக்கும் இங்கே ஒருங்கு நின்றன.

ஒழுக்கின் ஒலியைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். அமுக்கத்திலுள்ள நீர் நுண்துளையினூடே பீறிடும்போது குழாயின் சுவர் அதிர்கின்றது. அவ்வதிர்வு இரும்பிலே நெடுந்தூரம் செல்லும். பிளாத்திக்குக் குழாயிலோ விரைவில் மடியும்; ஆதலின் கோலை வைத்துக் கேட்டல் பழைய இரும்புக் குழாய்க்கே மிகப் பொருந்தும். 1970களில் இரு செவிகளைக்கொண்டு இடத்தைக் கணிக்கும் கருவி வழக்கிற்கு வந்தது. குழாயின் இரு முனைகளிலும் உணரிகளை வைத்து, ஒரே ஒலி இரண்டையும் அடையும் நேர வேறுபாட்டை அளப்பர். 100 மீற்றர் நீளமான இரும்புக் குழாயில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,200 மீற்றர் செல்லுமாயின், நேர வேறுபாடு 0.02 செக்கன் எனின், தூர வேறுபாடு 24 மீற்றர். 100இல் 24ஐக் கழித்துப் பாதியாக்கினால் 38. முதலில் ஒலி கேட்ட முனையிலிருந்து 38 மீற்றரிலே தோண்டலாம்.

இத்தகைய கருவி தோட்டத்து வீடுகளுக்கு எட்டுவது அரிது. நீர்மானியும் இல்லாத வீடுகள் பல. ஆயினும் தீக்கனின் இரவுக்கணக்கை எவரும் செய்யலாம். மாலையிற் குழாய்கள் எல்லாவற்றையும் மூடி, நீர்த்தாங்கிக்கு வரும் நீரையும் நிறுத்தி, நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அடிப்பரப்பு ஒரு சதுர மீற்றர் உள்ள தாங்கியில் ஒரு சென்ரிமீற்றர் இறக்கம் 10 லீற்றருக்குச் சமம். எட்டு மணி நேரத்தில் 6 சென்ரிமீற்றர் இறங்கியிருந்தால் 60 லீற்றர் மறைந்தது. அதன்பின் தாங்கியின் வெளிவாயிலை அடைத்து மறுநாளும் பார்த்தல் வேண்டும். அப்பொழுதும் இறங்கினால் பழுது தாங்கியிலே; இறங்காவிடின் குழாயிலே. சமையலறைக் கிளையையும் குளியலறைக் கிளையையும் தனித்தனியே அடைத்துப் பார்த்தால், தரை முழுவதையும் உடைக்கும் தேவை நீங்கும். வெறுங்காலுடன் விடியற்காலையிலே சீமெந்துத் தரையில் நடந்து ஈரம் தட்டும் இடத்தைத் தேடுவாரும் உளர். அஃதும் பயன் தருவதே. ஆனால் நீர் ஒழுகும் இடமும் நீர் தோன்றும் இடமும் ஒன்றாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. சரிவிலே கட்டிய வீட்டிலே மேற்பக்கத்தில் ஒழுகிய நீர் தரையின்கீழ்ப் பரவி, கீழ்ப்பக்கத்துச் சுவரடியிலே தலைகாட்டும்.

மலைநாட்டுக்கு உரிய மற்றோர் இயல்பு அமுக்கம். ஊற்று லயத்துக்கு 60 மீற்றர் மேலே இருக்குமாயின், இடையில் அமுக்கம் தணிக்கும் தொட்டி இல்லாதவழி, அடியிலுள்ள குழாய் ஆறு வளிமண்டல அமுக்கத்தைத் தாங்கல் வேண்டும். எல்லாரும் குழாயை மூடிவிட்ட இரவிலே அமுக்கம் உச்சத்தை அடைகின்றது. ஒழுக்கும் அப்பொழுதே மிகுகின்றது. நிமிடத்துக்கு ஒரு லீற்றர் என்பது சிறிய ஒழுக்கு. ஒரு நாளைக்கு அது 1,440 லீற்றர். முப்பது நாளிலே 43,200 லீற்றர், அதாவது 43 தொன்னுக்கு மேற்பட்ட நீர். சமவெளியில் இது கட்டணப் பட்டியலிற் காணும் இழப்பு. மலைச்சரிவிலோ இவ்வளவு நீரும் வீடு நிற்கும் மண்ணுக்குள்ளே செல்கின்றது.

இங்கேதான் ஊவாவின் வரலாறு மற்ற ஊர்களின் வரலாற்றினின்றும் பிரிகின்றது. இந்நாட்டிலே ஈரமான தரை குழாய்ப் பழுதாகவும் இருக்கலாம். மலையே அசையத் தொடங்கியதன் அறிகுறியாகவும் இருக்கலாம். புதிய ஊற்று தோன்றல், பழைய ஊற்று திடீரென வற்றல், தெளிந்த நீர் கலங்கல், தரையிலும் சுவரிலும் வெடிப்பு, கதவு நிலையிலே இறுகுதல் என்பவற்றை மண்சரிவின் முன்னறிகுறிகளாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எடுத்துரைத்து வருகின்றது. இவற்றுட் பலவும் குழாய் ஒழுக்கினாலும் நிகழ்வன. ஆகவே குழாயை மூடிப் பார்த்தல் என்னும் எளிய சோதனை இங்கே வேறொரு மதிப்புப் பெறுகின்றது. மூடியதும் ஈரம் வற்றினால் குழாய் செய்யும் தொழிலாளரை அழைத்தல் போதும். மூடிய பின்னும் நீர் பெருகினால், அந்த வீட்டில் இரவு தங்குதல் தகாது.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த அம்பிட்டிக்கந்தைத் தோட்டத்தின் மீரியபெத்தைப் பிரிவிலே மலை சரிந்து லயங்களை மூடிற்று. தொடர்ந்து பெய்த மழைநீர் பழைய சரிவு மண்ணினுள் இறங்கியமையே காரணம். அவ்விடம் அபாயமானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் உயிர் பிழைத்து, பெற்றோரை இழந்து நின்றனர். எச்சரிக்கை விடுத்தோர் வேறிடம் அமைத்துத் தந்திலர். வேறிடம் இல்லாதார் எச்சரிக்கையைக் கொண்டு யாது செய்வர்? தோட்டத்தில் வாழ்வோருக்கு வீடும் நிலமும் சொந்தமல்ல என்னும் நிலையை நீக்கிவிட்டு இந்நிகழ்ச்சியை ஆராய்தல் பொருந்தாது. தப்பியோருக்குப் பூனாகலைப் பகுதியிலே 75 வீடுகள் 2016இல் வழங்கப்பட்டன. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயலோடு வந்த பெருமழை பதுளை மாவட்டத்திலே மீண்டும் பல மண்சரிவுகளை உண்டாக்கி உயிர்களைக் கொண்டது.

மீரியபெத்தைத் துயரம் நிகழ்ந்து இரண்டு மாதம் நிரம்புமுன், அதே மாவட்டத்திலே இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. அங்கே தரையின்கீழ் நீர் மிகுந்தது. இங்கே தரையின்கீழ் இருந்த நீர் போய்விட்டது.

வெலிமடைப் பக்கத்து உமா ஓயாவின் நீரை மலையைக் குடைந்து தெற்கே கொண்டுசென்று மின்னாக்கி, கிரிந்தி ஓயாப் படுகையின் வறண்ட நிலங்களுக்கு ஊட்டுவது உமா ஓயாப் பல்நோக்குத் திட்டம். 2008இல் அடிக்கல் நடப்பட்டது. ஈரான் நாட்டு நிறுவனமொன்று கட்டுமானத்தை ஏற்றது. புஹுல்பொல, டயரபா என்னும் ஈரிடத்தில் அணைகள். டயரபாவிலிருந்து வெல்லவாயவை அடுத்த ரந்தெனிய நிலத்தடி மின்னிலையம் நோக்கி 15 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுரங்கம். 2014 திசெம்பரிலே, துளைக்கும் பொறி பண்டாரவளைப் பகுதியின் அடியிலே சென்றபோது, பாறை வெடிப்புகளினூடே நீர் சுரங்கத்துட் பாய்ந்தது. மேலே, சுரங்கத்தைக் கண்ணாலும் கண்டறியாத ஊர்களிலே, கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீட்டுத் தரைகளும் சுவர்களும் பிளந்தன.

இதன் காரணம் விளங்கற்கு அரியதன்று. மண்ணின் துகள்களுக்கு இடையே நிற்கும் நீர், மேலுள்ள பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகின்றது. அந்நீர் வடிந்தால் பாரம் முழுவதும் துகள்கள்மேல் விழும். மண் இறுகித் தாழும். எங்கும் ஒரே அளவாகத் தாழாமையால் மேலுள்ள சுவர் பிளக்கும். மலை முழுவதையும் ஒரு நீர்த்தாங்கியாகக் கொண்டால், சுரங்கம் அதன் அடியிலே விழுந்த துளை. இலிவர்ப்பூலிலே குழாயிலிருந்து மண்ணுக்குள் ஒழுகியது. பண்டாரவளையிலே மண்ணிலிருந்து குழாய்க்குள் ஒழுகியது.

வேறுபாடு மெய்ப்பித்தலிலே இருந்தது. தன் வீட்டின் வால்வை ஒருவன் மூடிப் பார்க்கலாம். மலையின் வால்வை எவர் மூடுவர்? கிணறு வற்றியது வறட்சியாலா, சுரங்கத்தாலா? சுவர் பிளந்தது கட்டடத்தின் குறையாலா, மண் தாழ்ந்ததாலா? இவ்வினாக்களைச் சேர்மானியர் ஒருமுறை நேர்த்தியாகத் தீர்த்தனர். தன்யூப்பு ஆற்றின் நீர் இம்மெந்திங்கன் என்னுமிடத்தை அடுத்துச் சுண்ணாம்புப் பாறையினுள் மறைகின்றது. ஏறத்தாழ 12 கிலோமீற்றருக்கு அப்பால் ஆகு என்னும் பேரூற்று எழுகின்றது. இரண்டும் ஒன்றா என்பதில் வழக்கு இருந்தது. 1877இலே கினொப்பு என்னும் நிலவியற் பேராசிரியர் பச்சை ஒளிகாலும் சாயத்திற் பத்துக் கிலோகிராமை ஆற்றில் விட்டார். ஏறத்தாழ 60 மணி நேரத்தில் ஊற்று பச்சையாயிற்று. வீட்டு மலகூடத் தொட்டியின் ஒழுக்கை அறியச் சாயத்தூளைக் கரைத்து விடும் வழக்கம் இதே நெறியின் சிற்றுருவமாகும்.

பண்டாரவளை மக்களிடம் அத்தகைய கருவி இல்லை. கண்டது கிணறும் சுவரும் மட்டுமே. 2017இலே சுரங்கத்தில் நீர் மீண்டும் பெருகியது. அவ்வாண்டு யூன் மாதத்திலே பெருந்திரளானோர் பண்டாரவளை நகரிலே கூடித் திட்டத்தை எதிர்த்தனர். நோர்வே நாட்டு வல்லுநர் வரவழைக்கப்பட்டனர். சீமெந்துக் குழம்பையும் பிற கலவைகளையும் பாறை வெடிப்புகளிற் செலுத்தி ஒழுக்கை அடைக்கும் பணி நெடிது நடந்தது. குடிநீர் கொள்கலங்களிலே ஏற்றிச் சென்று வழங்கப்பட்டது. பழுதான வீடுகளைக் கணக்கிட்டு இழப்பீடு வழங்கும் வேலையும் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. நீர் வேண்டி வாடும் தெற்கின் உழவருக்கு நீர் தருதல் நன்றே; ஆயின் அந்நீரின் விலையில் ஒரு பங்கைத் தம் கிணற்றாற் செலுத்தியவர்களை முன்னரே கேட்டிருத்தல் வேண்டும். 2024 ஏப்ரல் 24ஆம் நாள், 120 மெகாவாற்று ஆற்றல் கொண்ட மின்னிலையத்தோடு திட்டம் திறந்துவைக்கப்பட்டது.

பிளந்த சுவரை ஆராயும் பொறியியலாளர் கைக்கொள்ளும் பழைய முறை ஒன்று உண்டு. வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சீமெந்தினால் ஒட்டி, அதன் அருகே நாளைப் பென்சிலால் எழுதிவைப்பர். கண்ணாடி உடைந்தால் நிலம் இன்னும் அசைகின்றது. உடையாது நின்றால் வெடிப்பு பழையது, பூசி மூடிவிடலாம். கண்ணாடி இல்லாதார், வெடிப்பின் இரு முனையிலும் கோடிட்டு நாளைக் குறித்தாலும் அமையும். அடுத்த மழைக்குப்பின் வெடிப்பு அக்கோட்டைத் தாண்டியுள்ளதா என்று பார்த்தல் வேண்டும்.